தாஹிரா மேடம் கேசட்

தாஹிராவின் குரல் நான்காவது பெஞ்சைத் தாண்டாது.

1998 ஜூனில், தண்டையார்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு மாலைக் கல்லூரியில் பி.காம். மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தர அவள் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தேழு. எம்.எஸ்சி.யில் நல்ல மதிப்பெண். பாடத்தில் ஒரு குறையும் இல்லை. குரல்தான் பிரச்சினை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று உறுமும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம் கொல்லும், திறந்தால் லாரி கொல்லும். கரும்பலகைப் பக்கம் திரும்பி அவள் ஒரு சூத்திரத்தை எழுதிக்கொண்டே பேசினால், பின்னாலிருந்து தவறாமல் ஒரு சத்தம் வரும்.

"மேடம், கேக்கல!"

அவள் இன்னும் கத்திப் பேசுவாள். தொண்டை கட்டிக்கொள்ளும். கல்மண்டபத்தில் அவர்கள் வீட்டில் அம்மா அஜீசுன்னிசா வெந்நீரில் உப்புப் போட்டுத் தயாராக வைத்திருப்பார். "வாத்தியார் வேலைக்குப் போறியா, மீன் ஏலம் வுடப் போறியா?" என்பார்.

முதல் வருடம் புள்ளியியல் எழுதிய முப்பத்தெட்டுப் பேரில் பதினொரு பேர்தான் தேறினார்கள். அந்தப் பட்டியலை அலுவலகப் பலகையில் ஒட்டிய அன்று தாஹிரா ராயபுரம் ரயில் நிலையம் வரை அழுதுகொண்டே நடந்து போனாள்.

அவளிடம் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வருகிறவர்கள். இரண்டாம் வருடம் அவள் வகுப்புக்கு வந்த அசோகனுக்கு நாற்பது வயது. வியாசர்பாடி வீட்டு வசதிக் குடியிருப்பில் மனைவி, இரண்டு பிள்ளைகள். விம்கோ நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஹெல்பர். டிகிரி இருந்தால் டைம் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு பி.காம். சேர்ந்தவர். காலை ஷிஃப்ட் வாரத்திலும் இரவு ஷிஃப்ட் வாரத்திலும் ஒழுங்காக வகுப்புக்கு வருவார். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிகிற ஷிஃப்ட் வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க ஆளே கண்ணில் படமாட்டார். மூன்று வாரத்தில் ஒரு வாரம் போச்சு. வருகைப் பதிவேட்டில் அறுபத்தாறு சதவீதம். தேர்வு எழுத எழுபத்தைந்து வேண்டும்.

1999 ஆகஸ்டில் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அவர் மேசைக்கு அருகில் வந்து நின்றார். கையில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர்.

"மேடம், அடுத்த வாரம் எனுக்கு ரெண்டாம் ஷிஃப்ட்டு. நீங்க இன்னா சொல்றீங்களோ அத்த இதுல புடிச்சு வெச்சுடுங்க. பாட்டு கேக்குறாப்ல கேட்டுக்குறேன்."

தாஹிராவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்த வாரம் மேசை மேல் டேப்பை வைத்துவிட்டு வழக்கம்போலப் பாடம் நடத்தினாள். வீட்டுக்குப் போய்ப் போட்டுக் கேட்டால் லாரி, ஃபேன், லாரியின் ஹாரன். எங்கோ அடியில் கொசு ரீங்காரம் மாதிரி அவள் குரல்.

"இதுல நீ எங்க கீறே?" என்று அம்மா கேட்டார்.

வீட்டில் வைத்துப் பதிவு செய்து பார்த்தாள். பக்கத்து வீட்டு மிக்ஸி புகுந்தது. மொட்டை மாடிக்குப் போனாள். காக்கைகள். பீச் ரோடு பக்கம் போகவே வேண்டாம். வட சென்னையில் ஒரு மணி நேரம் சத்தமில்லாத இடம் எங்கே இருக்கிறது என்று வகுப்பிலேயே கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து சுயம்பு மட்டும் எழுந்தார்.

சுயம்பு சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவர். கொருக்குப்பேட்டையில் அரிசி மொத்தக் கடை. பிளஸ் டூ முடித்ததும் அப்பா கடையில் உட்கார வைத்துவிட்டார். பதினைந்து வருடம் கழித்து, கடை தன் கைக்கு வந்த பிறகு, யாரையும் கேட்காமல் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்.

"நம்ம குடோனுக்கு வாங்க டீச்சர். உள்ள போய்க் கதவச் சாத்திட்டா வெளிய ரயில் போறதே தெரியாது. நான் மத்தியானம் அங்கதான் உறங்குதேன்."

மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தாஹிரா குடோனுக்குப் போனாள். கூரை வரை அடுக்கிய அரிசி மூட்டைகள். நடுவே ஒரு சந்து. அதற்குள் நுழைந்ததும் காதில் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி ஆகிவிட்டது. கூட்ஸ் வண்டி, லாரி, தெருவில் பால்காரர் மணி எல்லாவற்றையும் மூட்டைகள் குடித்துவிட்டன. ஒரு மூட்டை மேல் டேப்பை வைத்து, இன்னொன்றின் மேல் உட்கார்ந்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பேச்சு வரவில்லை. எதிரே ஆள் இல்லாமல் எப்படிப் பேசுவது?

"நான் வேணா எதுக்க இருந்து தலையாட்டுதேன் டீச்சர்" என்று சுயம்பு சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

தாஹிரா பேசத் தொடங்கினாள். கத்தாமல், வீட்டில் அம்மாவிடம் பேசுகிற அளவுக்கு. கரும்பலகை கிடையாது, எதையும் வரைந்து காட்ட முடியாது. அதனால் எல்லாவற்றையும் சொல்லாலேயே காட்ட வேண்டியிருந்தது. திட்ட விலக்கத்தைப் பற்றிச் சொல்ல வந்தவள், புத்தகத்தை மூடிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள்.

"நீங்க திருவொற்றியூர் தேரடியில நிக்கிறீங்க. உங்களுக்கு ரெண்டு பஸ் இருக்கு. ரெண்டுமே சராசரியா பத்து நிமிஷம் லேட்டு. முதல் பஸ், என்னைக்கும் பத்து நிமிஷம் லேட்டு. கடிகாரத்தைத் திருத்தி வச்சுக்கலாம். ரெண்டாவது பஸ், ஒரு நாள் சரியான நேரத்துக்கு வரும், ஒரு நாள் இருபது நிமிஷம் கழிச்சு வரும். சராசரி ஒண்ணுதான். ஆனா நீங்க எந்த பஸ்ஸை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புவீங்க? அந்த ரெண்டு பஸ்ஸுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தைக் காட்டற அளவுக்குத்தான் திட்ட விலக்கம்னு பேரு."

முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் சுயம்பு மூட்டையில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தாஹிரா சத்தமில்லாமல் கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது. தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்கு வரை தெரியாது. மூட்டைகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து அதை முழுசாகக் கேட்டாள்.

கேசட் அசோகனுக்குப் போனது. அடுத்த வாரம் இன்னும் நான்கு பேர் கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் வகுப்பே கேட்டது. இவ்வளவு பிரதி யார் எடுப்பது? தேரடியில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த அம்மு முன்வந்தாள். அவளும் அதே வகுப்பு. பூத்தில் பாட்டுப் போடுவதற்காக இரண்டு கேசட் ஓடுகிற டேப் ஒன்று வைத்திருந்தாள். "நான் சொம்மாதானே குந்திகினு கீறேன். நான் எடுத்துத் தரேன் மேடம்" என்றாள். புதுக் கேசட் வாங்குவானேன் என்று ஆளாளுக்கு வீட்டில் கிடந்த பழைய கேசட்டுகளைக் கொண்டுவந்தார்கள். அழிக்க முடியாதபடி மேல் விளிம்பில் ஓட்டை விட்டிருக்கும். அதில் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டினால் பதிவாகிவிடும் என்று அம்மு கண்டுபிடித்தாள். இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. பூத்துக்கு ஆள் வந்துவிட்டால் அவள் அவசரத்தில் பதிவைப் பாதியில் நிறுத்திவிடுவாள். தாஹிரா இடைநிலை அளவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். திடீரென்று யாருடைய கல்யாணத்திலோ வாசித்த நாகஸ்வரம் கிளம்பும்.

கேசட்டில் இரண்டு பக்கம் உண்டு. முதல் பக்கத்தில் பாடம். மறுபக்கம் சும்மா கிடக்கிறதே என்று தாஹிரா ஒரு நாள் பாடத்தின் முடிவில் சொன்னாள்:

"சந்தேகம் இருந்தா மறுபக்கத்துல பேசி, அம்மு பூத்துல குடுத்துடுங்க. நான் கேட்டுப் பதில் சொல்றேன்."

முதலில் வந்த கேசட்டுகளின் மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை. ஒருவர் மட்டும் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தார். இரண்டாவது வாரம் அசோகனின் கேசட் வந்தது. பின்னணியில் குழந்தைகள் சண்டை போடுகிற சத்தம், பாத்திரம் உருள்கிற சத்தம். நடுவே அசோகன்:

"மேடம், வணக்கம். பஸ்ஸு மேட்டரு ஷோக்கா புரிஞ்சுது. நான் சொல்றது கரீட்டா பாருங்க. எங்க ஃபோர்மேன் டெய்லி ஒரு தபா கத்துவாரு. மாசத்துக்கு முப்பது. எங்க வூட்டுக்காரி கீதே, அது இருபத்தொம்போது நாளு வாயே தொறக்காது. முப்பதாவது நாளு முப்பதையும் சேத்து வெச்சு ஒரே அடியா கத்தும். ஆவரேஜு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். டீவியேஷன்தான் வேற. ஃபோர்மேன சமாளிச்சுக்கலாம், வூட்டுல தான் பேஜாரு. கரீட்டா மேடம்?"

தாஹிரா சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தார். அவருக்கும் போட்டுக் காட்டினாள். அவரும் சிரித்தார். அடுத்த பாடத்தின் தொடக்கத்திலேயே, "அசோகன் சொன்ன உதாரணம் ரொம்பச் சரி" என்று அதை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டாள். முப்பது பிரதி போனது.

நான்கு நாள் கழித்து அசோகனின் கேசட் திரும்பி வந்தபோது மறுபக்கத்தில் ஒரு பெண் குரல்.

"மேடம், நான் அசோகன் சம்சாரம் மதி பேசறேன். அது ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கு, அதான் பேசறேன். என்னிய பத்தி ஒரு கணக்கு சொல்லிச்சாமே, நீங்களும் கரீட்டுன்னுட்டீங்களாமே? அது தப்பு மேடம். அந்த ஆளு வூட்ல முழிச்சுகினு கீறதே கொஞ்ச நேரம். ஒரு வாரம் ரெண்டாம் ஷிஃப்ட்டு, ஒரு வாரம் நைட்டு போயி பகல்ல தூங்கும். அது இல்லாதப்ப நான் பசங்கள டெய்லி கத்தறேன், பக்கத்து வூட்ல வேணா கேளுங்க. அது பாத்த நாள மட்டும் எண்ணிக்கினு, பாக்காத நாளுக்கெல்லாம் சைபர் போட்டுக்கிச்சு. பாக்கலைன்னா சைபரா மேடம்? நீங்களே சொல்லுங்க."

தாஹிரா இந்த முறை சிரிக்கவில்லை. கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். பார்க்காத நாளுக்குச் சைபர் போடக் கூடாது. எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் ஒரு தனி அத்தியாயமே அதற்கு உண்டு. அவளோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு அப்போது அது புரியவில்லை. வியாசர்பாடி மூன்றாவது மாடியில் பிள்ளைகளை அதட்டிக்கொண்டே ஒரு பெண் அதைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள்.

மறுநாள் குடோனில் அவள் பேசிய பாடம் முழுக்க மதியின் கேள்வியைப் பற்றியதுதான். "நான் கரெக்டுன்னு சொன்னது தப்பு. மதி சொன்னதுதான் சரி" என்றுதான் ஆரம்பித்தாள். சாம்பிள், அதாவது கூறு, எடுப்பது என்றால் என்ன, யாரை விட்டுவிட்டோம் என்று ஏன் முதலில் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் அசோகன் வீட்டுக் கதையிலேயே சொல்லி முடித்தாள். அந்தக் கேசட் வகுப்பைத் தாண்டிப் போய்விட்டது. துறைமுக கேண்டீனில் ஓடியது. எண்ணூர் போகிற ஆட்டோவில் ஓடியது. அசோகனைத் தொழிற்சாலையில் எல்லோரும் "இன்னா மாமு, சைபர் போட்டியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. "என் வூட்டுக்காரி மூளைடா அது" என்று பெருமையடித்துக்கொண்டார்.

இதற்கிடையில் வகுப்பறையே மாறிப்போனது. எல்லோரும் பாடத்தைக் கேட்டுவிட்டு வந்தார்கள். தாஹிரா கரும்பலகையில் எழுத ஆரம்பித்தால், "அதான் கேசட்ல சொல்ட்டீங்களே மேடம்" என்றார்கள். அப்படியென்றால் வகுப்பில் என்ன செய்வது? கணக்குப் போடலாம். பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு ஆறு ஆறு பேராக உட்கார்ந்தார்கள். சுயம்பு தன் கடையின் அரிசி விற்பனையைக் கொண்டுவந்து எந்த மாதம் பொன்னி அதிகம் போகும் என்று வரைபடம் போட்டார். அம்மு தன் பூத்தில் எந்த நேரத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்தாள். தாஹிரா ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று பேசினால் போதும் என்பதால் லாரியை யாரும் கவனிக்கவே இல்லை.

ஒரு மாலை ஏழு மணிக்கு முதல்வர் வேதமாணிக்கம் அந்தப் பக்கமாக வந்தார். ஐம்பத்தெட்டு வயது, பொருளாதாரப் பேராசிரியர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. கரும்பலகை காலியாக இருந்தது. அதன் முன் யாரும் இல்லை. வகுப்பே சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. சுயம்பு மேசையைத் தட்டி யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் தாஹிரா மாணவர்களோடு மாணவராக உட்கார்ந்திருந்தாள்.

அவர் தன் அறைக்கு வரச் சொன்னார்.

"இந்த வகுப்பில் பாடம் நடத்துவது யார், மிஸ் தாஹிரா?"

"நான்தான் சார். கேசட்ல."

"கேசட்டில்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அரிசி குடோன், பூத், மறுபக்கம். சொல்லச் சொல்ல அது வேறு யாரோ செய்த பைத்தியக்காரத்தனம் மாதிரி அவளுக்கே கேட்டது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "அந்தக் கேசட்டுகள் எல்லாவற்றையும் நாளைக்குக் கொண்டுவாருங்கள்" என்றார். ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதன் பிறகு நான்கு நாள் அவரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. வேலை போய்விடும் என்றே அவள் முடிவு செய்துவிட்டாள். "போனா போகுது, டியூஷன் எடுத்துக்கலாம்" என்று அம்மா சொன்னார். ஆனால் அம்மாவும் அந்த நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் பியூன் ஒரு பழுப்பு நிற அலுவலக உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே கல்லூரி முத்திரை. உள்ளே கடிதம் இருக்கும் என்று பிரித்தால், கேசட். மறுபக்கத்தைப் போடுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டு.

வீட்டில் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போட்டாள். முதல்வரின் குரல், கல்லூரி ஆண்டு விழாவில் பேசுவது போலவே:

"மிஸ் தாஹிரா, நான் வேதமாணிக்கம் பேசுகிறேன். இருபத்திரண்டு கேசட்டுகளையும் கேட்டேன். என் மனைவியும் சமையலறையில் இருந்தபடியே கேட்டார். சராசரிக்கும் முகட்டுக்கும் உள்ள வித்தியாசம் இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று. பதின்மூன்றாவது கேசட்டில் நீங்கள் ஒரு கணக்கின் விடையைச் சொல்ல வரும்போது தவில் சத்தம் வந்துவிடுகிறது. அந்த விடை என்ன? நாங்கள் இரண்டு பேரும் போட்டுப் பார்த்ததில் வெவ்வேறு விடை வருகிறது. இரண்டு. மதி என்ற அந்தப் பெண்மணி எந்தக் கல்லூரியில் படிக்கிறார்? எங்கும் படிக்கவில்லை என்றால், வருகிற ஜூனில் விண்ணப்பப் படிவம் நம் அலுவலகத்தில் கிடைக்கும் என்று தெரிவித்துவிடுங்கள். நன்றி."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அல்லா, இதுக்கா நாலு நாள் பட்டினி கெடந்தேன்?" என்றார்.

வேதமாணிக்கம் அதோடு நிற்கவில்லை. ஷிஃப்ட் வேலையால் வர முடியாதவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் ஒன்று வரை சிறப்பு வகுப்பு என்று அறிவித்தார். அதற்கு வருவது பதிவேட்டில் ஏறும். வார நாளில் கேசட், ஞாயிறு கணக்கு. அசோகனின் அறுபத்தாறு சதவீதம் டிசம்பருக்குள் எண்பதைத் தொட்டது. கணக்குப் பதிவியல் ஆசிரியரும் "நானும் ஒண்ணு பேசிப் பாக்கட்டுமா?" என்று குடோனுக்கு வந்தார். சுயம்பு அவருக்கும் எதிரே உட்கார்ந்து தூங்கினார்.

2000 ஏப்ரலில் தேர்வு. முடிவு வந்தபோது முப்பத்தாறு பேரில் முப்பத்தொரு பேர் தேறியிருந்தார்கள். அசோகனுக்கு அறுபத்திரண்டு. அடுத்த ஞாயிறு அவர் வியாசர்பாடியிலிருந்து வகுப்பு முழுவதற்கும் பர்மா நூடுல்ஸ் அத்தோ வாங்கிக்கொண்டு வந்தார். வெங்காயமும் எலுமிச்சையும் மணக்க எல்லோரும் பெஞ்சிலேயே உட்கார்ந்து தின்றார்கள். வேதமாணிக்கமும் வெள்ளைச் சட்டையில் கறை படாமல் தின்னப் பார்த்தார். முடியவில்லை.

அன்று அசோகனோடு மதியும் வந்திருந்தாள். தாஹிரா அவளைப் பார்ப்பது அதுவே முதல் முறை. ஒல்லியான, உயரமான பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல புடவை கட்டி, ஒரு பிளாஸ்டிக் உறையில் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் வைத்திருந்தாள். தாஹிரா வாங்கிப் பார்த்தாள். கணிதத்தில் இருநூறுக்கு நூற்றெண்பத்தாறு.

"இவ்ளோ மார்க்கு வாங்கிட்டு ஏன் படிக்கல?"

"கண்ணாலம் ஆயிடுச்சு மேடம்."

"இப்ப?"

"இப்ப அதுவே சொல்லுது, நீ போடி, நான் பசங்கள பாத்துக்குறேன்னு." அசோகனைக் காட்டினாள். அவர் அத்தோவைப் பரிமாறுவதில் மும்முரமாக இருந்தார்.

அந்த ஜூனில் மதி சேர்ந்தாள். அசோகன் காலை ஷிஃப்ட்டில் இருக்கும்போது மாலையில் இருவரும் ஒருவர் மாற்றி ஒருவர் வகுப்புக்கு வருவார்கள், மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு இரண்டாம் ஷிஃப்ட் வந்தால் மதிக்கு கேசட். அசோகனுக்கு அது கடைசி வருடம். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே டேப் ரெக்கார்டருக்குச் சண்டை போட்டார்கள் என்று அம்மு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். 2001இல் அசோகன் தேறினார். டைம் ஆபீஸில் நாற்காலி கிடைத்தது. 2003இல் மதி முதல் வகுப்பில் தேறினாள்.

தாஹிராவின் கல்யாணமும் இதற்கிடையில்தான். 2002இல் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது டீ கொண்டுவந்து கொடுத்த தாஹிரா, "சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து, "நீங்க... சைபர் கணக்கு சொன்னவங்களா?" என்றார். கேண்டீனில் தினமும் கேட்ட குரலாம். அஜீசுன்னிசா அந்த நிமிடமே மனதுக்குள் சம்பந்தத்தை முடித்துவிட்டார்.

மதி தேறிய பிறகு திருவொற்றியூரில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். கம்ப்யூட்டரை அவள் கற்றுக்கொண்ட வேகம் கடைக்காரரையே மிரள வைத்தது. ஒரு நாள் தாஹிராவை அழைத்து உட்கார வைத்தாள்.

"மேடம், இனிமே கேசட் வாணாம். இதுல ஒரு குரூப் ஆரம்பிச்சு வெச்சுட்டேன். நீங்க நோட்ஸ இதுல போட்டா எல்லாருக்கும் மெயில் போவும். சந்தேகம்னா அவுங்க அதுலயே எழுதுவாங்க, ஒருத்தரு கேட்டது எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் கம்ப்யூட்டர் எங்க இருக்கு மதி?"

"நான் கீறேன்ல."

தொடக்கத்தில் பெரும் கூத்து. தமிழ் எழுத்து ஒரு சென்டரில் எழுத்தாகத் தெரிந்தால் அடுத்த சென்டரில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தாஹிராவின் குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பலாம் என்று பார்த்தால் பாதி வருவதற்குள் டெலிபோன் லைன் அறுந்துவிடும். அதற்கு மதி வழி கண்டுபிடித்தாள்: குரல் சி.டி.யில், கேள்வி குழுவில், கணக்கு ஞாயிறு வகுப்பில். சுயம்பு, 2001இலேயே தேறிவிட்டவர், குழுவை விட்டுப் போகவே மாட்டேன் என்றார். தினமும் காலையில் கடை திறக்கும் முன் பொன்னி அரிசி விலையை அதில் எழுதினார். இளைய மாணவர்கள் அதை வைத்துக் காலத்தொடர் கணக்குப் போட்டார்கள். அடுத்த மாத விலையைச் சரியாகச் சொன்னவருக்கு ஒரு மூட்டை அரிசி என்று சுயம்பு அறிவித்துவிட்டு, சொன்னபடியே கொடுக்கவும் செய்தார்.

2006இல் நகரத்தின் தென்பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உயர்கல்வியில் தொழில்நுட்பம் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு. ஓய்வு பெற்றிருந்த வேதமாணிக்கம் யாரிடமோ சொல்லி, தாஹிராவுக்குப் பதினைந்து நிமிடம் வாங்கிக் கொடுத்தார். அப்போது கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் பயிற்றுநராக ஆகிவிட்ட மதியும் கூடப் போனாள். ஏ.சி. அரங்கம், மெத்தை நாற்காலி. மேடையில் ஒருவர் திரையில் இரண்டு வட்டங்களைப் போட்டு, ஒன்று வகுப்பறை, இன்னொன்று தொழில்நுட்பம், இரண்டும் சேருகிற இடம்தான் பிளெண்டட் லேர்னிங், இது வெளிநாடுகளில் இப்போதுதான் வளர்ந்துவருகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

தாஹிரா மதியின் காதருகே குனிந்தாள். "மதி, நாம செய்யறதுக்கு ஒரு பேரு இருக்காம்."

"இன்னா மேடம் அநியாயம்! நாம பெத்து வளத்தோம், இவுங்க பேரு வெச்சுக்கினாங்களா?"

முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தாஹிராவின் முறை வந்தது. திரையில் காட்ட அவளிடம் வட்டம் எதுவும் இல்லை. குடோனைப் பற்றியும் பூத்தைப் பற்றியும் சொன்னாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "மீதியை இவங்க சொல்வாங்க" என்று மதியை மேடைக்கு அழைத்துவிட்டாள். அது திட்டத்திலேயே இல்லை. மதி மேடை ஏறினாள். பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டுக்காரர் போட்ட தப்புக் கணக்கிலிருந்து ஆரம்பித்தாள். வட சென்னைப் பேச்சை ஒரு சொல் மாற்றவில்லை. அரங்கம் முதலில் புன்னகைத்தது, அப்புறம் வாய்விட்டுச் சிரித்தது, "பாக்கலைன்னா சைபரா?" என்ற இடத்தில் கைதட்டியது. பதினைந்து நிமிடம் முப்பத்தைந்து ஆனது. தலைவர் மணியை அடிக்க மறந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மதுரைப் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர் தட்டோடு தேடி வந்தார். அவர் கல்லூரியில் நூற்பாலையில் வேலை பார்க்கிற பெண்கள் படிக்கிறார்களாம், அவர்களுக்கும் இதே ஷிஃப்ட் தொல்லையாம். "எப்படித் தொடங்கலாம்?" என்று கேட்டார்.

"முதல்ல சத்தமில்லாத ஒரு இடம் பாருங்க சார்" என்றாள் தாஹிரா.

"ஆமா சார், அப்டியே எதுக்க ஒருத்தர குந்த வெச்சுக்குங்க. தூங்குனாலும் பரவால்ல" என்றாள் மதி.

அவர் பேனாவை எடுத்து அதையும் குறித்துக்கொண்டார். மதி அவருடைய மின்னஞ்சல் முகவரியை வாங்கி, தட்டைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையிலேயே எழுதினாள். மறுநாள் ஞாயிறு. காலை பத்து மணிக்கு லேபைத் திறக்க வேண்டும். நாற்பத்தெட்டுப் பேர் வருவார்கள், கம்ப்யூட்டர் பதினாறுதான். யாரை யாரோடு உட்கார வைப்பது என்று இருவரும் பாயசத்தைக் குடித்துக்கொண்டே பட்டியல் போட ஆரம்பித்தார்கள்.